முப்பது வயதில் 136/88: குமரி மாவட்டத்து இளைஞர்கள் செய்ய வேண்டியவை

வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ, கப்பல் வேலைக்குச் சேரும்போதோ, இரத்த தானம் செய்யப் போன இடத்திலோதான் குமரி மாவட்டத்து இளைஞர்களில் பலர் தங்கள் இரத்த அழுத்தத்தை முதன்முதலாக அறிந்துகொள்கிறார்கள். 136/88 என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். உடம்பிலோ ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டில் வந்து சொன்னால், "இந்த வயசுல உனக்கென்ன பிரஷரு மக்களே" என்று ஆச்சி சிரித்துவிடுகிறார், அல்லது பெரியப்பாவின் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துக் கையில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். இருபது முதல் நாற்பது வயதுக்குள் இருந்து, மேல் எண் 130 முதல் 139 வரையோ கீழ் எண் 80 முதல் 89 வரையோ அடிக்கடி காட்டுகிறவர்கள், அல்லது 140/90 என்ற கோட்டைச் சற்றே தொட்டு நிற்பவர்கள், அடுத்த சில மாதங்களில் எதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எண்களின் பொருளை முதலில் பார்த்துவிடலாம். மேல் எண் என்பது இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் ஏற்படும் அழுத்தம். கீழ் எண் என்பது இரண்டு துடிப்புகளுக்கு இடையே இதயம் தளர்ந்திருக்கும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம். 120/80-க்குக் கீழே இருப்பது இயல்பு. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் 130/80 முதலே உயர் இரத்த அழுத்தம் என்று வகுத்தன; நம் நாட்டு மருத்துவர்களில் பெரும்பாலோர் இன்றும் 140/90 என்ற எல்லையையே நோயாகக் கொள்கிறார்கள். ஆகவே ஒரே சீட்டைப் பார்த்து ஒரு மருத்துவர் "நார்மல்தான்" என்றும் இன்னொருவர் "கவனிக்கணும்" என்றும் சொன்னால், இருவரில் ஒருவர் பிழை செய்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை. இயற்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது. 115/75 என்ற அளவிலிருந்தே, 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம், ஒவ்வொரு 20/10 ஏற்றத்துக்கும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முப்பது வயதில் 136 காட்டும் ஒருவருக்கு இந்த வாரமோ அடுத்த மாதமோ ஏதும் ஆகப்போவதில்லை. ஆனால் அந்த அழுத்தத்தைச் சுமந்தபடி அவர் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது.

இளைஞர்களுக்குக் கீழ் எண் மட்டும் ஏறியிருப்பது அடிக்கடி காணப்படுவது. சிறு தமனிகள் இறுகி இரத்த ஓட்டத்துக்குத் தடை கொடுக்கும்போது கீழ் எண் உயரும். வயதாகிப் பெருந்தமனி விறைக்கும்போது மேல் எண் உயரும். "மேல் எண் சரியாக இருக்கிறதே" என்று 128/92-ஐ ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அளப்பது எப்படி

ஒரே ஒரு அளவை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மார்த்தாண்டத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்து, மருத்துவமனைப் படியேறி, டோக்கன் வாங்கி, உட்கார்ந்தவுடன் பட்டையைச் சுற்றி எடுக்கும் அளவு உங்கள் இரத்த அழுத்தத்தை மட்டும் சொல்வதில்லை. பயணத்தையும் பதற்றத்தையும் சேர்த்தே சொல்கிறது. மருத்துவரைக் கண்டால் மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, மருத்துவமனையில் இயல்பாகவும் வேலையிடத்திலும் வீட்டிலும் உயர்வாகவும் இருப்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர் எளிதில் தப்பிப் போய்விடுவார்கள். இருவரையும் பிரித்தறிய, வீட்டில் ஒரு வாரம் முறையாக அளப்பதே வழி.

கருவி வாங்குவதாயின் மேற்கையில் கட்டும் பட்டையுள்ள டிஜிட்டல் கருவியாகப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டுபவை கை இருக்கும் நிலைக்கேற்ப மாறிவிடும், கைக்கடிகாரங்கள் காட்டும் எண்ணை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. பட்டையின் அளவுதான் மிக முக்கியம், கடைக்காரர்கள் கேட்காமல் விடுவதும் அதைத்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் கையை வளர்த்தவர்களும் பருமனானவர்களும் சாதாரணப் பட்டையைச் சுற்றினால், அது சிறியதாக இருப்பதாலேயே அளவு கூடுதலாகக் காட்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளவு நாடாவால் அளந்துகொண்டு, பட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் வரம்புக்குள் அது வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகு ஒருமுறை அதை மருத்துவரிடம் கொண்டுபோய் அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. வாங்க வசதியில்லாதவர்கள் பக்கத்துத் துணைச் சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாக அளந்துகொள்ளலாம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களிடமும் கேட்கலாம். அவர்கள் முதியவர்களை அளக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணி இளைஞர்கள் உள்ளே போய்விடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கையை நீட்டினால் உங்களுக்கும் அளப்பார்கள்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து சாயா, காப்பி, புகை, நடை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாயும் நாற்காலியில் அமர்ந்து, கால்களைப் பின்னாமல் இரண்டு பாதங்களையும் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கைபேசியில் வாட்ஸ்அப் பார்ப்பதும் பேச்சுக்குச் சமம். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிடாமல் கழற்றிவிட்டு, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையைக் கட்டி, கையை மேசைமேல் இதய உயரத்தில் தாங்கலாக வைக்க வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையை மடித்து வைத்துக்கொள்ளலாம். கையைத் தாங்கலில்லாமல் தொங்கவிட்டால் மேல் எண் 6, 7 அளவுக்குக் கூடிவிடும், எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அந்த ஆறே ஏழே போதும், நோயாளி என்ற பெயர் வாங்கித்தர.

முதல் நாள் இரண்டு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் கூடுதலாக இருக்கிறதோ அந்தக் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். காலையில் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, மாலையில் அதேபோல் இரண்டு முறை என ஏழு நாட்கள் எழுத வேண்டும். முதல் நாளின் நான்கு அளவுகளைத் தள்ளிவிட்டு, மீதி 24 அளவுகளின் சராசரியைக் கணக்கிட்டால் கிடைப்பதுதான் உங்கள் இரத்த அழுத்தம். அந்தச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது மருத்துவமனையில் அளக்கும் 140/90-க்குச் சமம். இரவு ஒரு மணிக்கே எழுந்து ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்களும் இரவுப்பணி பார்க்கிறவர்களும் காலை என்பதைக் கடிகாரத்தை வைத்துக் கொள்ளாமல், தங்கள் நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், வேலையைத் தொடங்கும் முன்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஏழு நாட்களில் ஒரு மாலை 150 காட்டினால் பதறி மீண்டும் மீண்டும் பட்டையைச் சுற்றுவது, அளவை இன்னும் ஏற்றிவிடும். எழுதிவிட்டு எழுந்து போய்விடுங்கள். ஆனால் 180/120 என்ற அளவைத் தாண்டிக் காட்டினால் ஐந்து நிமிடம் ஓய்ந்திருந்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால், தொந்தரவு எதுவும் இல்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த அளவோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று சேர்ந்துவிட்டால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறொன்றும் யோசிக்கக் கூடாது.

தலை சுற்றினால் பிரஷர், சுற்றாவிட்டால் இல்லை என்ற நம்பிக்கை நம் ஊரில் வலுவாக இருக்கிறது. லேசாக ஏறிய அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தருவதில்லை. அளந்தால்தான் தெரியும்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

ஒரு வாரக் கணக்கோடு மருத்துவரைப் பார்க்கும்போது, அந்தத் தாளே பாதி வேலையை முடித்துவிடும். பெரியவர்களிடம் பெரும்பாலும் இதற்குத் தனிக் காரணம் என்று ஒன்று கிடைப்பதில்லை. இளைஞர்களிடம் அப்படி ஒன்று ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனி சுருங்கியிருத்தல், தைராய்டு குறைபாடு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரத்தல், பிறவியிலேயே பெருந்தமனி குறுகியிருத்தல், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போதல் ஆகியவை அவற்றுள் சில. முப்பது வயதுக்குக் கீழ் இருந்து, உடல் பருமனும் இல்லாமல், தாய் தந்தையருக்கும் இந்நோய் இல்லாமல் அழுத்தம் ஏறியிருந்தால், அல்லது குறுகிய காலத்தில் சட்டென்று ஏறியிருந்தால், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனை, இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு அளவுகள், ஓர் ஈ.சி.ஜி. ஆகியவை தொடக்கத்துக்குப் போதுமானவை. இவற்றில் பெரும்பகுதியை அரசு மருத்துவமனைகளிலேயே எடுத்துக்கொள்ள முடியும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பொட்டாசியம் குறைவாக வந்தால் அதை இளநீர் குடித்துச் சரிக்கட்ட முயலாமல், ஏன் குறைந்தது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அட்ரீனல் கோளாறின் தடயமாக அது இருக்கலாம்.

நீங்கள் உட்கொள்ளும் அனைத்தையும் அந்தச் சந்திப்பில் சொல்லிவிட வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி போட்டால் அழுத்தம் ஏறும். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள், ஸ்டீராய்டுகள் ஆகியவையும் அப்படியே. உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் தூள்களிலும் ஆற்றல் பானங்களிலும் காஃபின் நிறைய இருக்கிறது. தசையை வளர்க்க ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த ஊசியே காரணமாகக்கூடும். நாட்டு மருந்து எதுவும் செய்யாது என்று எண்ணுகிறவர்கள் அதிமதுரத்தைக் கவனிக்க வேண்டும். தொண்டைக்கட்டுக்கு ஓரிரு நாள் ஒரு துண்டைச் சவைப்பதால் கேடில்லை, ஆனால் கஷாயமாகவோ சூரணமாகவோ வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதிலுள்ள கிளிசிரைசின் பொட்டாசியத்தைக் குறைத்து, உடலில் உப்பைத் தேக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

உப்புக் கணக்கு

அளவு லேசாகத்தான் ஏறியிருக்கிறது, பரிசோதனைகளிலும் குறையில்லை என்றால் மருத்துவர் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் அவகாசம் தருவார். அந்த மாதங்களில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் புறப்பட்டு இரண்டே வாரத்தில் கைவிடுவதைவிட, ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் செய்வது மேல். என்னைக் கேட்டால் உப்பிலிருந்தே தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் நம் மாவட்டச் சாப்பாட்டில் அது ஒளிந்திருக்கும் இடங்கள் அப்படி.

உப்பிலுள்ள சோடியம் உடலில் கூடும்போது அதை நீர்க்கச் செய்ய நீர் தேங்குகிறது, இரத்தத்தின் கன அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஒருவர் ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டி. உலக மக்கள் சராசரியாக உண்பது இதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

உங்கள் வீட்டுக் கணக்கை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. புதிய ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளொன்றுக்கு 20 கிராம், ஆக ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்துவிட்டால் ஆளுக்கு 10 கிராம் போகிறது என்று பொருள். மீன் கழுவவும், சட்டி தேய்க்கவும், ஊறுகாய் போடவும் எடுக்கும் கல் உப்பை வேறு டப்பாவில் வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். சாளையையும் அயிலையையும் உப்புப் போட்டு உரசிக் கழுவும் வீடுகளில் வாய்க்குப் போகாமல் வாய்க்காலுக்குப் போகும் உப்பும் கொஞ்சமல்ல. கடையில் வாங்கித் தின்பவற்றின் உப்பு இந்தக் கணக்கில் வராததால், பாக்கெட் 60 நாள் நிற்கும்படி பார்த்துக்கொள்வது சரியான இலக்கு.

சமைப்பவருடைய கையில்தான் இது இருக்கிறது. அம்மாவோ மனைவியோ சமைக்க, மகனுக்கு மட்டும் தனியாக உப்பில்லாக் குழம்பு வைப்பது நெடுநாள் நடக்காது. அது தேவையுமில்லை, ஏனெனில் அந்த அளவு வீட்டில் எல்லோருக்கும் ஏற்றதே. கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தி, உப்பு டப்பாவில் ஒரு சிறு கரண்டியை நிரந்தரமாகப் போட்டுவைத்து, இப்போது போடுவதில் கால் பங்கை முதல் இரண்டு வாரம் குறைத்து, பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்தால், நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். அதுவரை புளிப்பும் காரமும் கைகொடுக்கும். மீன் குழம்பில் கொடம்புளியும் மாங்காயும், துவரனில் சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும், அவியலில் தேங்காயும் சீரகமும் சற்றுத் தாராளமாக விழுந்தால் உப்பு குறைந்ததை நாக்கு அவ்வளவாகக் கண்டுபிடிப்பதில்லை. சோறு வேகும்போது உப்புப் போடும் வழக்கமிருந்தால் அதை முதலில் நிறுத்தலாம்; குழம்பிலேயே உப்பு இருக்கிறது.

உண்மையான சிக்கல் தொட்டுக்கொள்ளும் பொருட்களில்தான். பயறும் தேங்காயும் சேர்ந்த கஞ்சி நல்ல உணவு. அதன் பக்கத்தில் வைக்கும் நாரத்தங்காய் ஊறுகாயும், சுட்ட கருவாடும், பொரித்த பப்படமும் சேர்ந்து ஒரு நாள் உப்பை ஒரே வேளையில் முடித்துவிடும். கருவாடு என்பது உப்பில் ஊறிக் காய்ந்தது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டி, மறுபடி கழுவிச் சமைத்தால் உப்பில் ஒரு பகுதி போகும், முழுவதும் போகாது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் பச்சை மீன் அன்றாடம் கரையேறும் மாவட்டத்தில் கருவாட்டை எப்போதாவது ஒரு நாளுக்கென்று ஒதுக்கிவைப்பது பெரிய தியாகமல்ல. சமைக்கும் அன்று அந்தக் குழம்பில் தனியாக உப்பே போட வேண்டாம். பப்படத்தில் உப்போடு பப்படக் காரம் என்னும் சோடா உப்பும் சேருகிறது, அதுவும் சோடியம்தான். நேந்திரன் சிப்ஸை வீட்டில் பொரித்தால் உப்புநீர் தெளிக்காமலே எடுக்கலாம்.

கல்யாணச் சாப்பாட்டை விட்டுவிட்டேனே என்று நினைக்க வேண்டாம். ஆண்டில் சில தடவை வருவது எந்த இரத்த அழுத்தத்தையும் தீர்மானிப்பதில்லை. இலையில் இஞ்சியையும் ஊறுகாயையும் தொட்டுவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போதுமான அளவு உண்ணுங்கள். கவலைப்பட வேண்டியது அன்றாடம் மாலையில் பேக்கரியில் வாங்கும் பஃப்ஸும், இரவு பரோட்டாவும் சால்னாவும், அறையில் தங்கிப் படிப்பவர்கள் வைத்துக்கொள்ளும் உடனடி நூடுல்ஸும்தான். பாக்கெட்டுகளில் சோடியம் மில்லிகிராமில் போட்டிருக்கும், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 2 கிராம் உப்பு, அதாவது நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரே பாக்கெட்டில்.

வெயிலில் வேர்த்து உழைப்பவர்களுக்கு உப்பு கூடுதலாக வேண்டாமா என்று கட்டட வேலை செய்கிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் கேட்பதுண்டு. வழக்கமான உழைப்பில் வெளியேறுவதை மூன்று வேளைச் சாப்பாட்டில் இருக்கும் உப்பே பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. தாகத்துக்குத் தண்ணீர் போதும், உப்புப் போட்ட எலுமிச்சைச் சோடா வேண்டியதில்லை.

இந்துப்பு குறித்த விளம்பரங்களை நம்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அதுவும் நம் சாமிதோப்பு உப்பளத்துக் கல் உப்பும் ஒரே சோடியம் குளோரைடு. அயோடின் சேர்க்காத உப்பையே தொடர்ந்து பயன்படுத்தினால் தைராய்டுக்கும் கேடு. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. அதற்குப் பயன் உண்டு. சீனாவின் கிராமங்களில் நடந்து 2021-ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வொன்றில், அத்தகைய உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் போன்ற இரத்த அழுத்த மருந்துகளையோ, சிறுநீரைக் கூட்டி ஆனால் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரைகளையோ எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் அபாயமாக ஏறிவிடக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது.

சிறுநீரகம் நலமாக இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் உணவிலிருந்து வருவது நல்லதே. அது சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழமோ செவ்வாழையோ, முருங்கைக்கீரை, பயறு, காணம், இளநீர் என நம் முற்றத்திலும் சந்தையிலும் கிடைப்பவையே இதற்குப் போதும். காய்கறி, பழம், முழுத் தானியம், பருப்பு, கொழுப்புக் குறைந்த பால் ஆகியவற்றை மிகுதியாக வைத்து அமெரிக்காவில் நடத்தி 1997-இல் வெளியிட்ட டாஷ் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் ஏறத்தாழ 11 அளவு குறைந்தது. ஆலிவ் எண்ணெயும் ப்ராக்கோலியும் தேடி நாகர்கோவில் கடைகளில் அலைய வேண்டாம். சோற்றையும் மரச்சீனிக் கிழங்கையும் தட்டில் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் துவரனையும் அவியலையும் பொரிக்காத மீனையும் வைத்தால் அதே திசையில் போகிறீர்கள்.

நடை, எடை, தூக்கம்

எடை கூடியிருந்தால் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் மேல் எண் ஏறத்தாழ ஒன்று இறங்கும். தராசைவிட இடுப்புச் சுற்றளவு தெளிவாகச் சொல்லும்; நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எல்லை.

வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடக்க வேண்டும். சங்குதுறை, சொத்தவிளை கடற்கரைகளுக்கு அருகில் இருப்பவர்களுக்கு மணல் இருக்கிறது; மற்றவர்களுக்கு ஊர்க் குளத்தங்கரை இருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, ஜூனிலும் மழை, அக்டோபருக்குப் பிறகும் மழை. நடைத் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் நனைந்து போகின்றன. அந்த நாட்களுக்கு வீட்டுக்குள்ளே செய்ய ஒன்று சொல்கிறேன். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது போல முழங்காலை மடக்கி இறங்கி, மூச்சைப் பிடிக்காமல் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் நின்று, இரண்டு நிமிடம் ஓய்ந்து, இப்படி நான்கு தடவை, வாரத்தில் மூன்று நாள். தொடக்கத்தில் முப்பது நொடி நின்றாலே தொடை நடுங்கும். கொஞ்சம் உயரமாக நின்று தொடங்கலாம். அசையாமல் தசையை இறுக்கி நிற்கும் இத்தகைய பயிற்சிகள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் நடைக்குப் பின்தங்கியவை அல்ல என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. முழங்கால் வலி இருப்பவர்கள் இதை விட்டுவிடலாம். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் போகலாம். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் எடையைத் தூக்குவதை மட்டும் அழுத்தம் இறங்கும்வரை தள்ளிவையுங்கள்.

மது குறையக் குறைய அழுத்தமும் குறையும், குடிக்காதிருப்பதே நல்லது. பீடியும் சிகரெட்டும் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் சற்று நேரம் அழுத்தத்தை ஏற்றுவதோடு, தமனிகளைத் தனியாகவும் கெடுக்கின்றன. தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பதாக மனைவியோ அறை நண்பரோ சொல்வது, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது ஆகியவை இருந்தால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அதைச் சரிசெய்யாவிட்டால் மற்ற முயற்சிகளின் பலன் குறைந்துபோகலாம்.

மூன்று மாதம் கழித்து

அதே முறையில் மறுபடியும் ஒரு வாரம் அளந்து, பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சராசரி இறங்கியிருந்தால் அப்படியே தொடர்ந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்தால் போதும். இறங்காவிட்டாலோ, சர்க்கரையோ சிறுநீரகப் பாதிப்போ கூடவே இருந்தாலோ மருந்து தொடங்குவார். அதை உங்கள் முயற்சியின் தோல்வியாகக் கொள்ள வேண்டாம், பரம்பரை பலமாக இருக்கும் குடும்பங்களில் உப்பும் நடையும் மட்டும் போதாமல் போவதுண்டு. ஆனாலும் அவற்றை விடாதவர்களுக்குக் குறைந்த மருந்தே போதுமானதாக இருக்கும். ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுக்க விட முடியாது என்ற பயத்தில் மாத்திரையை மறுக்கிறவர்கள் இளைஞர்களில் அதிகம். மாத்திரை அடிமைப்படுத்துவதில்லை, எடை நன்றாகக் குறைந்து அழுத்தமும் இறங்கி நின்றால் மருத்துவரே குறைக்கவோ நிறுத்தவோ செய்வார். தானாக நிறுத்துவதுதான் கூடாது. அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்ற வழக்கமான மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினால், பயந்து விட்டுவிடாமல், சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

பெண்கள் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் வகை மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்பவை. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே, கரு உண்டான பிறகல்ல, மருத்துவரிடம் தெரிவித்து வேறு மருந்துக்கு மாற வேண்டும். முந்தைய பேறுகாலத்தில் பிரஷர் ஏறியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிலையாக ஏறும் வாய்ப்பு கூடுதல் என்பதால், குழந்தை பிறந்ததும் மறந்துவிடாமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும்.

தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்கள் திரும்பும் நாளைக் கணக்கிட்டு அதற்கு மேல் பத்து நாள் மாத்திரையைக் கூடுதலாக, நனையாத டப்பாவில் எடுத்துக்கொள்ள வேண்டும். படகு திரும்புவது காற்றின் கையில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் மருந்தின் வணிகப் பெயரை மட்டும் நம்பாமல், உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் எழுதிய மருத்துவரின் சீட்டைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டால், அங்குள்ள மருந்தகத்தில் அதே மருந்தை வேறு பெயரில் கேட்டு வாங்க முடியும்.